சீமான் காருக்கு ஆரத்தி! உழைப்பாளி வண்டிக்குச் சம்மட்டி!

"பழசு" என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரே பொருள்தான் உண்டு. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலோ இரண்டு பொருள். பணக்காரன் கையில் இருந்தால் அந்தப் பழசுக்குப் பெயர் பாரம்பரியம். ஏழை கையில் இருந்தால் அதே பழசுக்குப் பெயர் குப்பை. பாரம்பரியத்துக்கு ஆரத்தி எடுக்கிறார்கள். குப்பைக்குச் சம்மட்டி தூக்குகிறார்கள்.

நாம் வம்புக்காக இதைச் சொல்லவில்லை. சர்க்கார் வெளியிட்ட உத்தரவுகளையும் கட்டணப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் சொல்கிறோம். ஆலைத் தொழிலாளியும் கூலி விவசாயியும் அவற்றைப் படிக்க வேண்டும். அவன் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கும் மொபெட்டுக்கும், சீமையிலிருந்து கப்பலேறி வருகிற அறுபது வயதுக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் விதி எழுதியது ஒரே பேனா.

சாளரம் வாசலானது

வெளிநாட்டில் ஓடிய காரை இங்கே கொண்டுவருவதற்கு நெடுங்காலமாகவே கட்டுப்பாடு உண்டு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கார் உள்ளே வரக்கூடாது என்பது பொது விதி. அயல்நாட்டின் கழிசடைகளைக் கொட்டும் மேடாக நம் நாடு ஆகிவிடக்கூடாது. இங்குள்ள மோட்டார்த் தொழில் நசிந்து, தொழிலாளி தெருவில் நிற்கக்கூடாது. விதியின் நோக்கம் இது. இதை நாம் குறை கூறவில்லை.

ஆனால் இந்த மதிற்சுவரில் ஒரு சாளரம் வைத்திருந்தார்கள். 1950 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்னால் செய்த கார் என்றால் லைசென்ஸ் இல்லாமலே இறக்குமதி செய்யலாம் என்பது அந்தச் சாளரம். 2025-இல் அந்தச் சாளரத்தை இடித்து வாசலாக்கிவிட்டார்கள். காருக்கு 50 வயது ஆகியிருந்தால் போதும், வரலாம்! வருஷத்துக்கு வருஷம் வாசல் தானாகவே அகலும். இந்த ஆண்டு 49 வயதுள்ள கார் அடுத்த ஆண்டு 50 வயதாகிவிடும் அல்லவா?

ஆக, நான்கு வயதுக் கார் வரக்கூடாது, அது கழிசடை. நாற்பது வயதுக் காரும் வரக்கூடாது, அதுவும் கழிசடை. ஐம்பது வயது பிறந்ததும் அதே கழிசடை கலைச்செல்வம் ஆகிவிடுகிறது! இது என்ன ரசவாதம் என்று கேட்கிறோம். இரும்பைப் பொன்னாக்குவதாகச் சொல்லிச் சித்தர் வேஷம் போட்டவர்களைக்கூட ஊரார் பிடித்துக் கட்டிவைத்ததுண்டு. சர்க்காரே செய்தால் கெஜட்டில் போடுகிறார்கள்.

கட்டணக் கணக்கைப் பாருங்கள்

இறக்குமதிக்கு முன்பே இன்னொரு காரியம் நடந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்தியப் போக்குவரத்து இலாகா பழங்காலக் கார்களுக்கென்று தனி விதி எழுதியது. 50 வயது தாண்டிய காருக்குத் தனி வரிசை எண், எண் பலகையில் "வி.ஏ." என்ற தனி எழுத்து. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வந்த காருக்கும் இதே சலுகை.

இப்போது உழைப்பாளி வண்டிக்கு வருவோம். 15 ஆண்டு முடிந்த இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 300 ரூபாய் வாங்கினார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது 1,000 ரூபாய். காருக்கு 600 ரூபாயாக இருந்தது 5,000 ரூபாய் ஆயிற்று. அதோடு நின்றார்களா? 2025 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு. 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2,000 ரூபாய். காருக்கு 10,000 ரூபாய். இந்தப் புதுப்பித்தல் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும்.

தோழர்களே, ஒப்பிட்டுப் பாருங்கள். வயற்காட்டுக்கும் ஆலைக்கும் போய்வருகிற பழைய மொபெட்டின் புதுப்பித்தலுக்கு 2,000 ரூபாய். கொட்டகையில் பட்டுத்துணி போர்த்தி நிற்கிற ரோல்ஸ்ராய்ஸ் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். மொபெட்டின் விலை என்ன, ரோல்ஸ்ராய்ஸின் விலை என்ன? இரண்டுக்கும் இடையே சர்க்கார் கண்ட வித்தியாசம் மூவாயிரம் ரூபாய்!

வாடகைக்கு ஓட்டிப் பிழைத்த ஒருவர் இருபது வயதுக் காரைச் சொந்தத்துக்கு வைத்துக்கொண்டால், அவர் தலையில் 10,000 ரூபாய் விழுகிறது. அதாவது பிரபுவின் காருக்கான மறுபதிவுக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு. இருபது வயது ஆனால் அபராதம். ஐம்பது வயது வரை தாக்குப்பிடித்தால் மரியாதை. ஓட்டிப் பிழைப்பவனால் ஐம்பது ஆண்டு ஒரு காரைக் கொட்டகையில் நிறுத்திவைக்க முடியுமா? அவன் வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். ஓடுகிற வண்டி தேய்கிறது, தேய்ந்த வண்டி குப்பை ஆகிறது. ஓடாமல் நிற்கிற வண்டி பாரம்பரியம் ஆகிறது. இதுதான் இந்த விதியின் சூட்சுமம்.

தில்லியிலும் லண்டனிலும் ஒரே கதை

தில்லியைப் பாருங்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டளையிட்டது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே ஊற்றக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். காற்று கெடக்கூடாது என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. கெட்ட காற்றை முதலில் சுவாசிப்பவன் தெருவில் வேலைசெய்யும் தொழிலாளிதான். ஆனால் 16 வயது வண்டியின் புகை மட்டும்தான் நஞ்சா? 1960-இல் செய்த எஞ்சினின் புகை சந்தன வாசம் வீசுமா?

"அது எப்போதாவதுதான் ஓடுகிறது" என்பார்கள். சரி, அதே சலுகையைக் கூலிக்காரனுக்குக் கொடுத்தார்களா? வாரத்தில் ஒருநாள் சந்தைக்குப் போகிற அவனுடைய பழைய வண்டியை எவ்வளவு ஓடுகிறது என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா? வயதைப் பார்த்தார்கள், வெட்டினார்கள்.

இது இந்தியாவின் தனிச்சிறப்பு என்றும் நினைக்க வேண்டாம். லண்டன் நகரத்தில் புகை அதிகம் விடும் பழைய வண்டி ஓட்டினால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைப் பவுன் கட்டவேண்டும். 2023 ஆகஸ்டில் இதை நகரம் முழுவதற்கும் விரித்தார்கள். அதிகாலை வேலைக்குப் போகிற துப்புரவுத் தொழிலாளியும் இரவு ஷிப்டு நர்ஸும் கட்டவேண்டும். 40 வயது நிரம்பிய "சரித்திரக் கார்" வைத்திருக்கும் கனவானோ ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. அவருக்குச் சாலை வரியும் கிடையாது. சேகரிப்புப் பொருள் என்ற முத்திரை பெற்ற பழைய காரை அந்த நாட்டுக்குள் கொண்டுவந்தால் விற்பனை வரியிலும் பெருஞ்சலுகை. சீமை வேறு, தேசம் வேறு; வர்க்கத்தின் புத்தி ஒன்றுதான்.

மில்லிலும் இதே பல்லவிதான். இயந்திரம் பழசு, லாபம் வராது, மூடு! 2020 மார்ச்சில் ஊரடங்கைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளில் 7 ஆலைகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. ஊரடங்கு தீர்ந்த பிறகும் அவற்றின் சங்கு ஊதவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோவைத் தொழிலாளியின் கைபட்டு ஓடிய அந்த இயந்திரங்களுக்கு "பாரம்பரியம்" என்று பெயர் சூட்ட எந்த மந்திரியும் முன்வரவில்லையே, ஏன்? அவற்றோடு தொழிலாளியும் சேர்ந்து வருகிறான். அவனுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். கிழட்டுக் கார் சம்பளம் கேட்காது.

விலை வந்த விதம்

ஒரு பழைய காருக்கு அப்படி என்ன விலை இருக்கும் என்று நம் வாசகர்கள் எண்ணலாம். 2022 மே மாதம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு ஏலம் நடந்தது. 1955-இல் மெர்ஸிடஸ் கம்பெனி செய்த இரண்டே கார்களில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. போன விலை 13 கோடியே 50 லட்சம் யூரோ! நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2023 நவம்பரில் நியூயார்க்கில் 1962-ஆம் ஆண்டு பெராரி கார் ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போயிற்று.

2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். அந்த ஆயிரம் கோடியை இந்தக் கணக்கில் பங்கிட்டால், ஏறக்குறைய 3 லட்சம் குடும்பங்களுக்கு ஓராண்டுக்கான நூறு நாள் கூலி! இரண்டு பேர் உட்காரும் ஒரு கார். மூன்று லட்சம் குடும்பங்களின் கூலி. அந்த விற்பனைப் பணம் மாணவர் உபகாரச் சம்பள நிதிக்குப் போகும் என்று கம்பெனி அறிவித்தது. நல்லது. ஆனால் ஒரு காருக்கு ஆயிரம் கோடி எடுத்துவைக்கக்கூடிய ஒரு பணப்பை ஒரு தனி மனிதனிடம் எப்படிச் சேர்ந்தது? அந்தக் கேள்விக்கு நிதியில் பதில் இல்லை.

அந்த இரண்டு கார்களும் இந்தியாவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் சந்தை ஒன்றுதான். இங்கே வருகிற சிறு கார்களுக்கும் விலை நிர்ணயிப்பது அந்த ஏலக் கூடத்தின் மனோபாவம்தான். அது என்ன மனோபாவம்?

ஏழை வீட்டில் அரிசி இருந்தால் அது சோற்றுக்கு. பதுக்கல்காரன் கிடங்கில் அரிசி இருந்தால் அது விலை ஏறுவதற்கு. கார் விஷயமும் அப்படியே. தொழிலாளிக்குக் கார் என்றால் ஓடுவதற்கு. சேகரிப்பவனுக்கு அது ஓடாமல் இருப்பதற்கு. எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதோ அவ்வளவு விலை. சட்டமும் அதற்கேற்பத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2021 விதிப்படி இந்தக் கார்களை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பழுதுபார்க்கவும் எண்ணெய் நிரப்பவும் மட்டும் தெருவுக்கு வரலாம். போக்குவரத்துக்குப் பயன்படாத போக்குவரத்துச் சாதனத்துக்கு அந்நியச் செலாவணி!

நம் ஜவுளி வட்டாரங்களிலும் வெளிநாட்டில் ஓடிக் கழித்த தறிகளை வாங்கிவந்து ஓட்டுகிறார்கள். அந்தத் தறி பழசுதான். ஆனால் அது துணி நெய்கிறது. நாலு பேருக்கு வேலை தருகிறது. பழைய பொருளை வாங்குவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று கேட்கிறோம்.

எண்ணைப் பதித்த கை

இந்தச் சந்தையில் ஒரு விசித்திரம் உண்டு. காரின் சட்டத்திலும் எஞ்சினிலும் ஆலையில் பதித்த எண்கள் இருக்கும். கம்பெனியின் பழைய ஏட்டில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் விலை உச்சிக்கு ஏறும். எஞ்சின் மாறியிருந்தால் விலை விழுந்துவிடும். தரகர்கள் பூதக்கண்ணாடி வைத்து அந்த எண்ணைத் தேடுகிறார்கள். அந்த எண்ணை இரும்பில் குத்திப் பதித்த தொழிலாளி யார், அவனுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அவன் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு தரகனும் தேடுவதில்லை. அதை நாம் தேடிப் பார்ப்போம்.

1932-ஆம் ஆண்டு போர்டு கார் என்றால் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு உயிர். அதே 1932 மார்ச் 7-ந் தேதி என்ன நடந்தது? வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் டெட்ராய்ட் நகரிலிருந்து டியர்பார்னில் உள்ள போர்டு ஆலைக்குப் பட்டினி ஊர்வலம் போனார்கள். வேலை கொடு, நோய்க்கு மருத்துவம் கொடு என்று கேட்டார்கள். போலீஸாரும் கம்பெனிக் காவலரும் சுட்டார்கள். நால்வர் மாண்டனர், காயமுற்ற ஐந்தாமவர் பிறகு மாண்டார். அந்த ஆண்டுக் காரின் பளபளப்பைப் பாராட்டுகிறவர்கள் அந்த ஆண்டின் ரத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

1936 டிசம்பர் 30-ந் தேதி பிளின்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள், கடுங்குளிரில். கண்ணீர்ப்புகைக்கு அஞ்சவில்லை. 1937 பிப்ரவரி 11-ந் தேதி உலகத்தின் மிகப் பெரிய மோட்டார்க் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்திட்டது.

ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் "வண்டு" காரைப் பார்த்து உருகாதவர் இல்லை. ஹிட்லர் ஆட்சியில் அந்தக் காரைக் காட்டித்தான் வாரம் 5 மார்க் தபால்தலை ஒட்டச் சொன்னார்கள். ஏறத்தாழ 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் சேமித்தார்கள். ஒருவருக்காவது கார் கிடைத்ததா? இல்லை! பணமும் ஆலையும் யுத்தத்துக்குப் போயின. அந்த ஆலையில் பிடித்துவரப்பட்ட கைதிகளையும் அயல்நாட்டு மக்களையும் கட்டாய வேலை வாங்கினார்கள்.

இன்னொன்று; இதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். 1968 ஜூனில் இங்கிலாந்தில் டாகன்ஹாம் போர்டு ஆலையில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் 187 பெண்கள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் வேலையைத் திறன் இல்லாத வேலை என்று வகைப்படுத்தி, ஆண்களுக்குக் கொடுத்ததில் நூற்றுக்கு 85 பங்குதான் கொடுத்தார்கள். இருக்கை இல்லாமல் கார் வெளியே போகுமா? ஆலையே நின்றது. மூன்று வாரத்தில் கூலி நூற்றுக்கு 92 ஆயிற்று. 1970-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சம ஊதியச் சட்டம் நிறைவேற்றியது. அவர்கள் கேட்ட திறன் தரம் கிடைக்க 1984-இல் இன்னொரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கார்டினா கார்களுக்கு இன்று 50 வயது தாண்டிவிட்டது. புதிய விதிப்படி அவை இந்தியாவுக்கு வரலாம். வந்தால் இருக்கை உறையைத் தொட்டுப் பாருங்கள். களையெடுப்பிலும் நாற்று நடவிலும் ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்று இன்னும் கேட்கிறோமே, அந்தக் கோரிக்கையின் தையல் அதிலே இருக்கிறது.

ராஜாக்கள் விட்ட எச்சம்

"பாரம்பரியம்" என்று பேசுகிறவர்கள் நம் நாட்டுப் பாரம்பரியத்தையும் கேட்கட்டும். ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் சிம்மாசனம் பொருத்திய ஒரு ரோல்ஸ்ராய்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார். வண்டி வந்து சேருமுன் 1911-இல் அவர் இறந்தார். அந்த மஞ்சள் கார் தன் ஆயுளில் ஓடியது சில நூறு மைல்தான். அதே ராஜ்யத்தின் கிராமங்களில் குடியானவர்கள் ஜமீன்தாருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். 1946 முதல் 1951 வரை தெலங்கானா விவசாயி எழுந்து நின்று போராடிய பிறகே அந்த வெட்டி முறையின் முதுகெலும்பு முறிந்தது. கார் இன்றும் சௌமஹல்லா அரண்மனையில் பளபளவென்று நிற்கிறது. வெட்டி செய்தவன் குடிசை எந்தக் காட்சிசாலையில் இருக்கிறது?

ராஜாக்களின் கார்கள் ஒவ்வொன்றாக அந்நியத் தரகர்களுக்கு விலைபோயின. 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1972-இல் பழைய கார்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. அப்போது வெளியே போவதைத் தடுத்தார்கள். இப்போது உள்ளே வருவதற்கு வழி விடுகிறார்கள். ராஜா போனான், ராஜாவின் ஆசை மட்டும் பங்குச் சந்தைக்காரனின் வீட்டில் மறுஜன்மம் எடுத்திருக்கிறது.

அவர்கள் சொல்லும் சமாதானம்

நமக்குப் பதில் சொல்கிறவர்கள் மூன்று வாதங்களைக் கொண்டுவருகிறார்கள்.

முதல் வாதம்: "அவர்கள் சும்மாவா கொண்டுவருகிறார்கள்? விலைக்கும் மேலே தீர்வை கட்டுகிறார்களே!" தீர்வை அதிகம் என்பது உண்மை. எந்த விலைக்குத் தீர்வை என்பதே கேள்வி. புதுக் காருக்கு விலைப்பட்டியல் உண்டு. அறுபது வயதுக் காருக்கு ஏது பட்டியல்? விற்றவன் எழுதிக்கொடுத்த ரசீதும், ஒரு இஞ்சினீயர் கொடுக்கும் சான்றும்தான் ஆதாரம். கடலுக்கு அப்பால் இரண்டு பேர் பேசிக்கொண்டால் கோடி லட்சமாகிவிடும். இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள், 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்க இலாகா நடத்திய சோதனைகளை நினைத்துப் பார்க்கட்டும். பூட்டான் நாட்டின் வழியாகத் தீர்வை ஏய்த்துக் கொண்டுவரப்பட்டவை என்று சொல்லி, ஓடிய சொகுசு வண்டிகளைப் பெருவாரியாகப் பறிமுதல் செய்தார்கள். கூலிக்காரன் கடையில் சோப்பு வாங்கினால் வரியை ஏய்க்க முடியுமா? அவன் கையிலிருந்து காசு வருமுன்பே வரி பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வாதம்: "பழைய காரைப் புதுப்பிப்பதால் பட்டறைத் தொழிலாளிக்கு வேலை கிடைக்கிறதே!" கிடைக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவைப் பட்டறைகளிலும் தகரத்தைத் தட்டியே மேனி எடுக்கிற டிங்கர்களுக்கும், இல்லாத உறுப்பை லேத்தில் கடைந்து கொடுக்கிற மிஸ்திரிகளுக்கும் ஈடு உலகில் குறைவு. அவர்களுடைய திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்தத் திறமைக்குக் கிடைப்பது என்ன? புதுப்பித்த கார் கோடிக்குப் போகும், புதுப்பித்தவனுக்கு நாட்கூலி. அதிலும் ஆபத்து வேறு. அந்தக் காலத்துக் கார்களின் பிரேக்கிலும் கிளச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடைசெய்துவிட்டு, துறைமுகத்தில் வந்திறங்கும் பழைய கார்களைச் சோதிக்கிறது. நம் பட்டறைத் தொழிலாளியோ பிரேக் டிரம்மைக் கழற்றி வாயால் ஊதித் தூசி தட்டுகிறான்! அவனுக்கு முகமூடியும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. பழைய வண்டி உடைப்பும் லைசென்ஸ் பெற்ற பெரும் நிலையங்களுக்கே என்று ஆகிவருகிற நிலையில், புதுப்பேட்டைக்காரனின் உள்ள பிழைப்பும் ஆட்டம் கண்டிருக்கிறது. அவன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு, அவன் பெயரைச் சொல்லியே சீமான் காருக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

மூன்றாவது வாதம்: "இதெல்லாம் பொறாமை!" இயந்திரத்தின் மேல் நமக்குப் பொறாமையும் இல்லை, பகையும் இல்லை. இயந்திரத்தின் அழகை அதைச் செய்தவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அப்படி எல்லாரும் பார்க்க, படிக்க, தொழில் கற்க ஒரு கார் வருமானால் அதை நாம் எதிர்க்கவில்லை. பூட்டிய கொட்டகைக்குள் விலை ஏறுவதற்காக வந்து நிற்கிற காரைத்தான் எதிர்க்கிறோம்.

நம் வீட்டுப் பழசு

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்ததுதான் நம் அம்பாசடர். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அரை நூற்றாண்டுக்கு மேல் அதைச் செய்தார்கள். மந்திரியும் அதில் போனார். கல்யாண கோஷ்டியும் அதில் போயிற்று. 2014 மே மாதம் ஆலையின் கதவு மூடியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வெளியே நின்றார்கள். 2017-இல் "அம்பாசடர்" என்ற பெயரை மட்டும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அந்தப் பெயருக்கு மதிப்பை உண்டாக்கியது யார்? பட்டறையில் வியர்வை சிந்தியவனும், மேட்டிலும் பள்ளத்திலும் அதை ஓட்டிக் காட்டிய டிரைவரும் அல்லவா?

இப்போது அந்த அம்பாசடரின் தாயான பழைய மோரிஸ் ஆக்ஸ்போர்டை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வாங்கிவரலாம். குழந்தையைச் செய்தவனைத் தெருவில் விட்டவர்கள் தாயைப் பல்லக்கில் ஏற்றுகிறார்கள்! மறைமலைநகரிலும் போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் மூடுவிழா அறிவித்து, 2022-இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. ஐம்பது ஆண்டு கழித்து அந்தக் கடைசிக் காரும் "அபூர்வப் பொருள்" ஆகி ஏலத்துக்கு வரும். அன்றைக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். எண்ணைப் பதித்தவனைப் பார்க்கமாட்டார்கள்.

நாம் கேட்பவை

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

1. பொதுக் காட்சிசாலைக்கும் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கும் தவிர, தனியார் கொட்டகைக்குப் பழைய கார் இறக்குமதி செய்வதை நிறுத்து.

2. இதுவரை வந்த ஒவ்வொரு காருக்கும் எந்த விலை மதிப்பிட்டு எவ்வளவு தீர்வை வசூலித்தாய் என்பதைப் பகிரங்கமாக வெளியிடு.

3. உழைப்பாளி மக்களின் பழைய இருசக்கர வண்டிகளுக்கு 2022-லும் 2025-லும் ஏற்றிய கட்டணத்தை ரத்து செய். அந்தப் பணத்தைச் சீமான் கார்களிடம் வசூலி.

4. வயதைக் காரணம் காட்டி வண்டியைப் பிடுங்காதே. பிடுங்கினால், மாற்று வண்டி வாங்கத் தக்க ஈடு கொடு. புதுப்பேட்டை போன்ற இடங்களில் பிழைக்கும் சிறு தொழிலாளருக்கு உடைப்புத் தொழிலில் இடம் கொடு.

5. பட்டறைத் தொழிலாளிக்கு ஆஸ்பெஸ்டாஸ் தூசியிலிருந்து பாதுகாப்பும், ஈ.எஸ்.ஐ. வைத்தியமும், திறனுக்கேற்ற கூலியும் கொடு. இறங்கும் ஒவ்வொரு பழைய காரையும் துறைமுகத்திலேயே சோதி.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. பழசுக்கு ஒரே சட்டம் வேண்டும் என்பதுதான் இவற்றின் சாரம். ஐம்பது வயதுக் காருக்கு மரியாதை கொடுக்கிற நாடு, ஐம்பது வயதுத் தொழிலாளியை "இனி உன்னால் ஆகாது" என்று கதவுக்கு வெளியே தள்ளக்கூடாது. இருபது ஆண்டு அவனைச் சுமந்த மொபெட்டை வரி போட்டு வதைக்கக்கூடாது. ஓடித் தேய்ந்த வண்டிக்கும், உழைத்துத் தேய்ந்த கைக்கும் மரியாதை கிடைக்கட்டும். பிறகு நின்று பளபளக்கும் காரைப் பற்றிப் பேசலாம்.

ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் டீக்கடையிலும் இந்தக் கணக்கைப் பேசுங்கள். மொபெட்டுக்கு 2,000, ரோல்ஸ்ராய்ஸ் மறுபதிவுக்கு 5,000. இந்த இரண்டு எண்களை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடமாகச் சொல்லட்டும். வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பதில் கேளுங்கள். பதில் வருகிறவரை விடாதீர்கள்!